இடப்பக்கம் பார்க்கும் ஆமை

நீரேற்று நிலையத்துப் பம்ப்காரருக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போட வேண்டும், பத்து மணிக்கு நிறுத்த வேண்டும், ஓய்வு பெறுகிற வரைக்கும் விரல் பத்தும் பெல்ட்டுக்கு வெளியிலேயே இருக்க வேண்டும். இவ்வளவுதான். அப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்தாறாவது வயதில் பொதுப் படக் களஞ்சியத்துக்குள் காலை விட்டார் என்றால், அதற்குக் காரணம் பதினோரு ஆமைகள்.

நிலையத்தின் பின்புறம் பழைய வண்டல் தொட்டி ஒன்று உண்டு. தண்ணீரைத் தெளிய வைப்பதற்காக ஒரு காலத்தில் கட்டியது. புது இயந்திரம் வந்த பிறகு அதிகாரிகள் அதை மறந்துபோனார்கள். அதிகாரிகள் மறந்த இடத்தைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் கிடையாது என்பது ஆமைகளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, ஒவ்வொன்றாக வந்து குடியேறிவிட்டன. ஒன்றுக்கு ஓட்டில் சில்லு பெயர்ந்திருக்கும். ஒன்று எப்போதும் இன்னொன்றின் முதுகில் ஏறித்தான் வெயில் காயும். முப்பது வருடம் மோட்டார் சத்தத்தில் உட்கார்ந்து காது மந்தமாகிப்போன ஒருவருக்கு, வாயைத் திறக்காத சிநேகிதர்கள் பதினோரு பேர் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா என்ன?

ஒருநாள் தொட்டியின் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. முப்பதாம் தேதிக்குப் பிறகு தொட்டியை மண் போட்டு மூடி, அதிகாரிகளின் கார்கள் வெயிலில் வாடாமல் இருக்கக் கொட்டகை போடப்படும். ஆட்சேபணை இருந்தால் பொறியாளரிடம் சொல்லலாம்.

பம்ப்காரர் சொன்னார். பொறியாளரைத் தொட்டிக்கரைக்கே அழைத்துக்கொண்டு வந்து சொன்னார்.

"சார், ஆமைங்க இருக்குது சார். இந்தா, உங்க ஷூவுக்குப் பக்கத்துலயே ஒண்ணு."

பொறியாளர் குனிந்து பார்த்தார். ஆமை நிமிர்ந்து பார்த்தது. இரண்டு பேருக்கும் மற்றவரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

"நான் கண்ணால பார்த்ததெல்லாம் செல்லாது," என்றார் பொறியாளர். "விதி பத்தொன்பது. ஒரு இடத்துல காட்டுயிர் இருக்குன்னா, அது பொதுப் படக் களஞ்சியத்துல, 'நம்மூர்க் காட்டுயிர்கள்'ங்கற பகுப்புல இருக்கணும். முப்பதாம் தேதி பதினொரு மணிக்கு அந்தப் பகுப்பைத் திறப்பேன். படம் இருந்தா மண் வராது. இல்லேன்னா மறுநாள் ஒன்பது லாரி வரும்."

"அதுவரைக்கும் இது என்ன சார்?"

"அதுவரைக்கும் இது ஆமைன்னு நீங்க சொல்றீங்க. அவ்வளவுதான்."

பம்ப்காரர் விரிசல் விழுந்த கைபேசியில் ஆமையைப் படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி ஒரு பல் மருத்துவரிடம் இருபது வருடமாக வரவேற்பு மேசையில் இருப்பவள். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறவர்களிடமே விவரம் வாங்கி எழுதிப் பழகியவள்.

"இங்க கொடுங்க. படிவம்தானே? எத்தனை பார்த்திருக்கேன்," என்று கணினி முன் உட்கார்ந்தாள்.

களஞ்சியம் என்பது உலகத்துப் படங்களையெல்லாம் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி வைத்திருக்கும் இணையதளம். பெட்டிக்குப் பகுப்பு என்று பெயர். 'நம்மூர்க் காட்டுயிர்கள்' நேராகப் படம் வாங்காது, வேறு பகுப்பில் சேர்ந்த பிறகுதான் அங்கே போக முடியும் என்று எழுதியிருந்தது. 'விலங்குகள்' என்று ஒரு பகுப்பு இருந்தது. ஆமை விலங்குதானே என்று அதில் படத்தைப் போட்டார்கள். நான்கு நிமிடத்தில் படம் வெளியே வந்து விழுந்தது. கூடவே ஒரு செய்தி: 'விலங்குகள்' மேற்பகுப்பு ஆகும். அதில் நேரடியாக எதையும் வைக்க அனுமதி இல்லை. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

"சரி, பெரிய மனுஷங்க நாற்காலி போல இருக்கு," என்று அவள் 'ஊர்வன'வில் போட்டாள். இரண்டு நிமிடம். 'ஆமைகள்' என்பதில் போட்டாள். நாற்பது விநாடி. 'நீர் ஆமைகள்', 'கரையில் நீர் ஆமைகள்', 'பகலில் கரையில் நீர் ஆமைகள்' என்று உள்ளே போகப் போக வேகமாக வெளியே வந்தது. ஒன்பதாவது முறை வந்த செய்தியில் நன்றி இல்லை. 'தனிநபர் ஊர்வனப் பகுப்புகளில் குழப்பம் விளைவிக்கிறார்' என்று இருந்தது.

"குழப்பம் விளைவிக்கறவராம்!" மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களை இதுவரைக்கும் யாரும் இப்படி மதிச்சதே இல்லைங்க. நேர்லயே போய்ப் பார்த்துட்டு வாங்க."

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது களஞ்சியத்தின் அலுவலகம். நீளமான ஓர் அறை. நடுவில் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் அம்மாள், அந்தப் பக்கம் ஒரு மனிதர், முதுகோடு முதுகாக உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் இடப்பக்கம் பார்க்கும் விலங்குகள்," என்றாள் அந்த அம்மாள். "அவர் வலப்பக்கம் பார்க்கும் விலங்குகள்."

இருவரும் கணவன் மனைவி என்பது பம்ப்காரருக்குப் பிறகுதான் தெரிந்தது. நேராகப் பார்க்கும் ஓர் ஆந்தை விஷயத்தில் தகராறு வந்து, நான்கு வருடமாக அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே பேருந்தில் வீட்டுக்குப் போகிறார்கள். அவள் இடது ஜன்னல், அவர் வலது ஜன்னல். ஆந்தை இன்றுவரை எந்தப் பெட்டியிலும் இல்லை. தாழ்வாரத்தில் கிடக்கிறது என்றார்கள்.

அம்மாள் ஆமைப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். "உடம்பு இடப்பக்கம். என்னுது."

"தலை வலப்பக்கம் திரும்பியிருக்கு," என்றார் முதுகுக்குப் பின்னாலிருந்த மனிதர், பம்ப்காரரைப் பார்த்து. "சொல்லுங்க அவங்ககிட்ட. பார்க்கறதுன்னா தலையாலதான் பார்க்க முடியும்."

"அவர்கிட்ட சொல்லுங்க, உடம்பு எந்தப் பக்கம் போகுதோ அதுதான் ஆளு. தலை சும்மா திரும்பும். வீட்டுலயும் அப்படித்தான், ரோட்டுல யார் போனாலும் திரும்பும்."

"கழுத்து வரைக்கும் அவங்க வச்சுக்கட்டும். கழுத்துக்கு மேல எனக்குக் கொடுத்துடச் சொல்லுங்க."

பம்ப்காரர் இருவருக்கும் நடுவில், சுண்ணாம்புக் கோட்டின் மேல், தூது போன களைப்பில் நின்றார். முப்பது வருடத்தில் எந்த வால்வும் அவரிடம் இவ்வளவு அடம்பிடித்ததில்லை.

கடைசியில் தலையும் உடம்பும் ஒரே பக்கம் இருக்கிற வேறு படம் கொண்டுவரச் சொன்னார்கள். தொட்டிக்கரையில் இரண்டு நாள் காத்துக்கிடந்தார். தலை இடப்பக்கம் வரும்போது உடம்பு தண்ணீருக்குள் போய்விடும். உடம்பு வெளியே வரும்போது தலை ஓட்டுக்குள் போய்விடும். ஆமையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதற்கு விதி தெரியாது. மூன்றாம் நாள், ஓட்டில் சில்லு பெயர்ந்த ஆமை, முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மூக்கிலிருந்து வால்வரை சுத்தமாக இடப்பக்கம் பார்த்தது. படம் பிடித்தார்.

அம்மாள் முகம் மலர்ந்தது. "அழகு! ஒரே ஒரு சந்தேகம். இது போகுதா, நிக்குதா?"

"எதும்மா?"

"ஆமைதான். 'இடப்பக்கம் பார்த்து நகரும் ஆமைகள்' ஒண்ணு இருக்கு, 'இடப்பக்கம் பார்த்து நிற்கும் ஆமைகள்' ஒண்ணு இருக்கு. காலைத் தூக்கியிருக்கே, வைக்கப் போகுதா, இப்படியே யோசிச்சுட்டு இருக்கப் போகுதா?"

"அது ஆமைம்மா. ரெண்டும் ஒண்ணுதான்."

இந்தப் பதில் ஏற்கப்படவில்லை. மூன்று பேர் கொண்ட இயக்கக் குழு கூடியது. வாரத்துக்கு ஒருமுறைதான் கூடும். அதற்குள் பத்தொன்பதாம் தேதி ஆகிவிட்டது. குழு ஒரு மணி நேரம் படத்தை உற்றுப் பார்த்தது. ஒரு மணி நேரத்தில் ஆமை அசையவே இல்லை என்பதால், அது நிற்கிறது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அது புகைப்படம் என்று பம்ப்காரர் சொல்ல வாயெடுத்தார். முப்பதாம் தேதியை நினைத்து மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலேயே நாற்காலியில் சாய்ந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"நிக்குதாம்."

"யாரு?"

"சில்லு பெயர்ந்தது."

"நம்ம டாக்டர்கிட்ட வர்றவங்ககூட, கடைசியில பல்லைப் பிடுங்கிட்டாருன்னு நிம்மதியாப் போவாங்க. உங்களுக்கு அதுவும் இல்லை," என்று சொல்லிவிட்டு மனைவி வெந்நீர் போடப் போனாள்.

நிற்கும் ஆமைகளையும் இடவாரியாகத் தனிப் பெட்டியில்தான் வைக்க வேண்டும், ஆனால் ஒரு படத்துக்காக ஒரு பெட்டி திறக்க முடியாது, குறைந்தது மூன்று வேண்டும் என்று அடுத்த செய்தி வந்தது. மூன்று கொண்டுபோனார். வந்ததுதான் வந்தீர்கள், முப்பதாகக் கொடுத்தால் நல்லது என்றார்கள். முப்பது கொடுத்தார். இருபத்தேழாம் தேதி 'வண்டல் தொட்டி ஆமைகள்' என்று புத்தம்புதிய பகுப்பு திறக்கப்பட்டது. முப்பது படமும் அதற்குள். அம்மாள் கைதட்டினாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது.

இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. இந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கி 'நம்மூர்க் காட்டுயிர்கள்' என்ற பெரிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். அதைத்தான் பொறியாளர் திறப்பார்.

வலப்பக்கத்து மனிதர் எழுந்து நின்றார். நான்கு வருடத்து ஆந்தை அவர் கண்ணில் தெரிந்தது. "சொல்லுங்க அவங்ககிட்ட. நம்மூர்க் காட்டுயிர்கள்ல இதுவரைக்கும் என்ன இருக்கு? ஒண்ணும் இல்லை. காலி. நம்மூர்ல இருக்கற மொத்தக் காட்டுயிரே இந்த ஆமைங்கதான். அப்படின்னா ஆமைதான் பெரிய பெட்டி. காட்டுயிர் அதுக்குள்ள போகணும்."

"அவர்கிட்ட சொல்லுங்க, அவருக்குப் பைத்தியம் முத்திடுச்சு."

விஷயம் தலைமைத் தொகுப்பாளரிடம் போயிற்று. கண்ணாடிக் கதவு போட்ட அறையில், கோப்பையின் பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கிற மனிதர். பம்ப்காரரை உட்காரச் சொன்னார். எங்கே உட்கார்வது என்று பம்ப்காரர் தயங்கியதைப் பார்த்து மகிழ்ந்தார்.

"பழகிட்டீங்க. நல்லது," என்றார். "ஐயா, உங்களுக்குப் படத்து மேல ஆசை. புரியுது. எங்களுக்கு அது கிடையாது. நாங்க படத்தைப் பார்க்கறதே இல்லை. பார்த்தா பாரபட்சம் வந்துடும். போன வருஷம் நாலு லட்சம் படத்தை ஒழுங்கு பண்ணியிருக்கோம். எத்தனை பேர் வந்து பார்த்தாங்கன்னு நீங்க கேட்கலாம். பதினாறு பேர். அதுல பதினஞ்சு பேர் நாங்கதான். மிச்சம் ஒருத்தர் தப்பா வந்திருக்கணும், விசாரிச்சுட்டு இருக்கோம். ஏன் சொல்றேன்னா, தேடி வர்றவங்களுக்காகக் கட்டினது இல்லை இது. தேடி வர்றவங்க வந்தா கலைச்சுட்டுப் போயிடுவாங்க."

"அதெல்லாம் சரிங்க ஐயா. முப்பதாம் தேதி அவர் திறக்கும்போது ஆமை தெரியணும். அவ்வளவுதான் எனக்கு."

"தெரியும். ரெண்டு பேர் மனசும் கோணாம ஏற்பாடு பண்ணிடறேன்."

பண்ணினார். ஆமைப் பெட்டியைக் காட்டுயிர்ப் பெட்டிக்குள் வைத்தார், அம்மாளுக்குத் திருப்தி. காட்டுயிர்ப் பெட்டியை ஆமைப் பெட்டிக்குள் வைத்தார், மனிதருக்குத் திருப்தி. வீட்டுப் பீரோவுக்குள் வீட்டையே வைத்துப் பூட்டின கதைதான். ஆனால் களஞ்சியத்தின் இயந்திரம் மனிதர்களைப்போல நியாயம் பார்க்காது. அதற்கு ஒரே ஒரு விதிதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி இருந்தால், படங்கள் வெளியே கிடக்கக் கூடாது, உள்பெட்டிக்குப் போக வேண்டும்.

இயந்திரம் ஆமைகளை எடுத்து உள்பெட்டியில் வைத்தது. அதற்குள்ளும் ஒரு பெட்டி இருந்தது. எடுத்து அதற்குள் வைத்தது. அதற்குள்ளும் இருந்தது.

முப்பதாம் தேதி பதினொரு மணிக்குப் பொறியாளர் தன் மேசையில் 'நம்மூர்க் காட்டுயிர்க'ளைத் திறந்தார். பக்கத்தில் பம்ப்காரர், துவைத்த சட்டையில். உள்ளே படம் இல்லை, ஒரு பெட்டி இருந்தது: வண்டல் தொட்டி ஆமைகள். "இருக்கு சார், இருக்கு!" என்றார் பம்ப்காரர். பொறியாளர் திறந்தார். உள்ளே ஒரு பெட்டி: நம்மூர்க் காட்டுயிர்கள். திறந்தார். வண்டல் தொட்டி ஆமைகள். செக்குமாடுகூட எட்டாவது சுற்றில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கும். பொறியாளர் கடமை தவறாதவர். இருபத்திரண்டு சுற்றுப் போனார். ஒவ்வொரு சுற்றிலும் கீழே சின்ன எழுத்தில் ஒரே வரி: 'படங்கள் உள்ளே நகர்த்தப்படுகின்றன. காத்திருக்கவும்.'

"எவ்வளவு நேரம் சார் ஆகும்?"

பொறியாளர் களஞ்சியத்துக்குத் தொலைபேசி செய்து கேட்டார். கேட்டுவிட்டு ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, முதல்முறையாக மனிதக் குரலில் சொன்னார்: "முடியாதாம்யா. போய்க்கிட்டே இருக்குமாம்."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, 'படம் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பம்ப்காரர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. மனைவிக்குத் தொலைபேசி செய்தார்.

"போச்சும்மா."

மறுமுனையில் யாருக்கோ பல் துளைக்கும் சத்தம். அது நின்ற பிறகு அவள் கேட்டாள்: "லாரி எப்ப வருது?"

"நாளைக்குக் காலையில."

"என் தம்பிக்கு இன்னைக்கு மத்தியானம் வண்டி சும்மாதான் நிக்குது."

மைத்துனன் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்க எடுத்துப் போகும் வேன் ஓட்டுபவன். பகல் மூன்று மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், நான்கு பெரிய கூடைகளோடு வந்தான். "மாமா, கடிக்குமா?" என்று மட்டும் கேட்டான். பம்ப்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பத்து சுலபமாக வந்தன. முதுகில் ஏறும் ஆமை, ஏறுவதற்கு முதுகில்லாமல் சேற்றுக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதைத் தேட முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வாசலில் காவலாளி வண்டியை நிறுத்தினார். கூடைகளில் ஒன்று தானாக அசைந்துகொண்டிருந்தது. காவலாளி அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு கூடையில் தொங்கிய அட்டையைப் படித்தார். 'அழுக்குத் துணி' என்று எழுதியிருந்தது. "சரி, போங்க," என்று கதவைத் திறந்துவிட்டார்.

மறுநாள் ஒன்பது லாரி வந்தது. ஒரு வாரத்தில் கொட்டகையும் எழும்பிவிட்டது. பொறியாளரின் கார் நிழலில் நின்றது. பம்ப்காரர் மோட்டாரைப் போட்டார், நிறுத்தினார், பின்பக்கம் போவதை விட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். இடப்பக்கத்து அம்மாள். கையில் சட்டம் போட்ட சான்றிதழ்.

"வருடத்தின் மிகச் சிறந்த பகுப்பு! முதல் பரிசு உங்க ஆமைக்குத்தான்," என்றாள். "ஆரம்பமும் முடிவும் இல்லாத ஒரே பகுப்புன்னு எங்க தலைமைத் தொகுப்பாளர் பேசும்போதே கண் கலங்கிட்டாரு. எங்க வீட்டுக்காரர்கூட என்னைப் பார்த்து 'ம்'னாரு. நாலு வருஷத்துல முதல் தடவை."

பம்ப்காரரின் மனைவி சான்றிதழை வாங்கிக் குளிர்பெட்டியின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, தேநீர் கொண்டுவந்தாள்.

"ஒரே ஒரு சின்னக் குறை," என்று அம்மாள் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தாள். "தற்போதைய நிலைன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு. தொட்டி மூடிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். ஆமைங்க இப்ப எங்க இருக்கு?"

பம்ப்காரர் தேநீரை ஊதினார். "தெரியாதுன்னு போட்டுக்கங்க."

"தெரியாதுங்கறதுக்குக் கட்டம் இல்லையே. ரெண்டுதான் இருக்கு. 'உயிருடன்' ஒண்ணு, 'மறைந்தது' ஒண்ணு. உயிருடன்னா இடத்தை எழுதணும். எழுதினா சரிபார்க்க ஆள் வருவாங்க. எந்தப் பக்கம் பார்க்குது, போகுதா நிக்குதான்னு எல்லாம் முதல்லேருந்து பார்க்கணும். அந்த இடத்துக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போகும்."

"மறைந்ததுன்னு போட்டா?"

"அதோட சரி. அந்தப் பகுப்பை யாரும் திறக்கறதில்லை, நாங்களும் தொட மாட்டோம். விதியே இருக்கு, மறைந்தவற்றைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு."

பம்ப்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தாள்.

ஆமைக்கு ஒரு தாள் வீதம் பதினோரு தாள். பதினோரு முறை 'மறைந்தது' என்பதில் குறி போட்டு, பதினோரு முறை கையெழுத்து வைத்தார். அவ்வளவு பேரை ஒரே மூச்சில் தீர்த்துக்கட்டியதில் விரல் வலித்தது. அம்மாள் தாள்களை அடுக்கிக் கட்டினாள். பிறகு எழுந்து, கைகளைக் கோத்து, தலை குனிந்து நின்றாள்.

"என்னம்மா?"

"ஒரு உயிருக்கு ஒரு நிமிஷ மௌனம். விதி."

பம்ப்காரரும் எழுந்தார். மனைவியும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றாள். மூவரும் அந்தச் சின்னக் கூடத்தில் பதினோரு நிமிடம் நின்றார்கள். நான்காவது நிமிடத்தில் பம்ப்காரருக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. ஏழாவது நிமிடத்தில் அம்மாளின் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நாங்க படத்தைப் பார்க்கக் கூடாதுதான்," என்றாள் அவள், குனிந்த தலையோடு, விதியை மீறி. "ஆனா அந்தச் சில்லு பெயர்ந்தது இருக்கே, அதைத் தினமும் காலையில ஒரு தடவை பார்த்துட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன்."

பம்ப்காரருக்கு நெஞ்சு இளகிவிட்டது. 'அது நல்லாத்தான் இருக்கும்மா' என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. உதடு பிரிந்தும் விட்டது. பக்கத்தில் நின்ற மனைவி, தலை நிமிராமல், அசையாமல், அவர் கால் கட்டைவிரலின் மேல் தன் குதிகாலை வைத்து அழுத்தினாள். அவர் கண்ணில் நீர் வந்தது. அம்மாள் அதைப் பார்த்து, "உங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் ஐயா," என்றாள்.

பதினோராவது நிமிடம் முடிந்ததும் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு, படியிறங்கி, தெருவின் இடது ஓரமாகவே நடந்து போனாள்.

அவள் முனை திரும்புகிற வரைக்கும் பம்ப்காரர் வாசலில் நின்றார். உள்ளே வந்து கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டு உட்காரப் போனார். மனைவி உட்கார விடவில்லை. முட்டைக்கோஸ் இலை நிரம்பிய பையைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள்.

"மணி நாலாகுது. செத்துப்போனதுங்களுக்குப் பசிக்கும், போங்க."